இரண்டாவது முறை

புதுக்கடையில், போட்டோகொப்பிக் கடைக்கும்
கறுப்புக் கோட்டுகள் தொங்கும் லோன்றிக்கும் நடுவே
என் மேசை.
சத்தியம் செய்து முத்திரை வாங்கிய மொழிபெயர்ப்பாளன்.
பக்கத்துக்கு ஆயிரத்து இருநூறு.

வியாழக்கிழமை மழைக்குள் வந்தாள் ஜெனிற்றா,
சொட்டும் குடையை எங்கே சாத்துவதென்று தெரியாமல்.
ஆட்களைத் தாண்டிக் கடிதத்தை நீட்டினாள்.
"முறைப்படி வாங்கோ பிள்ளை" என்றேன்.
கதிரை இல்லை. நின்றாள்.
அவளுக்கு முன்னால் ஒரு பிறப்புச் சான்றிதழ்,
ஒரு காணி உறுதி,
விவாகரத்துக்கு வந்து
என் பிளக்கில் போனைச் சார்ஜ் போட்டிருந்த ஒருவர்.

கடிதம் வெள்ளவத்தையிலிருந்து.
ஹம்டன் லேன், மூன்றாம் மாடி,
திருமதி பவளராணி சிவகடாட்சம்,
கோடு போட்ட தாளில், நீல மையில்:
"பல முறை சொல்லியும் முறையில்லாமல் நடப்பதால்
மாத முடிவுக்குள் அறையை விடவும்.
அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது."

மத்தியஸ்த சபைக்குச் சிங்களத்தில் வேண்டும்,
லோயருக்கு ஆங்கிலத்தில்.

முதல் முறை வெறும் எண்ணிக்கை,
இரண்டு மொழியிலும் சொன்ன இடத்தில் உட்கார்ந்தது.
இரண்டாவது நின்றுகொண்டே இருந்தது,
அவளைப் போல.

ஆங்கிலத்தில் கைக்கு வந்த சொல்
அவளைக் கூண்டில் ஏற்றும்.
அடுத்தது
பள்ளிக்கூட ரிப்போட்டில் வகுப்பாசிரியை எழுதுவது.
இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர்.

என்ன செய்தாய் என்று கேட்டேன்.
மொழிபெயர்ப்பாளன் கேட்கக்கூடாது, தெரியும்.

"கோல் சென்டர் வேலை அண்ணை.
வேன் விடிய ரெண்டரைக்கு இறக்கும்.
ஒருநாள் ட்ரைவர் சொன்ன பகிடிக்கு
மூண்டு மாடியும் சிரிச்சுக்கொண்டே ஏறினனான்.
அவ்வளவுதான்."
கொஞ்சம் யோசித்து,
"ரோட்டுப் பக்கம் உடுப்புக் காயப்போட்டதும் இருக்கு."

பவளராணியம்மாவை நான் கண்டதில்லை.
ஆனால் அந்தச் சொல்லை அவர் எங்கே வாங்கினாரென்று தெரியும்.
நானும் அங்கேதான் வாங்குகிறேன்.
யார் யாருக்கு மச்சான் முறை,
பவுசர் வந்தால் வாளிக்கு எந்த முறை,
எல்லாம் அதே கடைச் சாமான்.
விலை ஒட்டியிருக்காது.
போன மாதம் எங்கள் மேல்வீட்டுப் பெண்
ஓட்டோவில் முன் சீட்டில் வந்து இறங்கியபோது
தேத்தண்ணியை ஊதியபடி சொன்னேன்:
"இது முறையில்லை."
மனைவி தலையாட்டினாள்.
ஒருவரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

சிங்களத்துக்குக் கடைசியில்
"சிரித்" என்று எழுதினேன்.
ஊர் வழக்கம், ஒழுகவேண்டிய விதம்;
சிரித் அறியாமல் நடந்தாள் என்று வரும்.
வாசித்துக் காட்டினேன்.

"என்னண்டு? சிரித்தா?"
"சிரித்."
"அதைத்தானே அண்ணை நான் செய்தனான்!"

சிரித்தாள்.
போட்டோகொப்பி மெசின் ஒரு தாளை விழுங்கி நின்றது.
காணி உறுதிக்காரர் திரும்பினார்.
போன் சார்ஜ்காரர் முறைத்தார்,
அதுவும் அந்தச் சொல்லின் வயிற்றுப் பிள்ளைதான்.
எனக்கும் வந்தது,
இருமல் மாதிரி ஆக்கி விழுங்கிவிட்டேன்.

ஆங்கிலப் பிரதியில்
முறை என்பதை அப்படியே
அவர்களுடைய எழுத்தில் எழுதி
கீழே சின்னதாக ஒரு குறிப்பு:
இச்சொல்லின் பொருள் எழுதியவரிடமே கேட்கப்பட வேண்டும்.
இருபத்தாறு வருசத்தில்
இப்படி ஒரு குறிப்பு நான் போட்டதில்லை.

"உண்மையான மொழிபெயர்ப்பென உறுதிப்படுத்துகிறேன்."
முத்திரை மை காய்ந்திருந்தது,
இரண்டு தரம் குத்தவேண்டி வந்தது.

காசை எண்ணி வைத்தாள், குறைக்கக் கேட்கவில்லை.
குடை நின்ற இடத்தில்
ஒரு சின்னக் குளம்.

"அடுத்த ஆள்" என்றேன்.
வழக்கமாக அப்படிக் கூப்பிடுகிறவன் இல்லை நான்.