ஐந்தே முக்கால்

இந்த ஊரில் சைக்கிள் வாங்கியவளைப் பார்த்துச்
சிரிக்காதவர்கள் இரண்டே பேர்.
விற்றவன்.
அப்புறம் என் வீட்டுக்காரர். அவர் அப்போது
பெற்றோல் வரிசையில் மூன்றாம் நாள்,
ஓட்டோவின் பின் சீட்டில்
காலை வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

கண்டியில் சைக்கிள் பாதிதான் வாகனம்.
மீதிப் பாதி
கூட நடந்து வருகிற ஆள்.
அதிகம் பேசாத ஆள்.

வரிசைகள் கலைந்தன.
அந்த வருஷம் எங்கள் குறுக்கு ரோட்டில் முளைத்த
பதினொரு சைக்கிளில்
ஒன்று கோழிக்கூட்டுக்குக் கதவானது,
ஒன்றில் ஈரத் துவாய் காய்கிறது,
மற்றதெல்லாம் பழைய இரும்புக்காரன் தராசில் ஏறின.
என்னுடையது நின்றது.
கொள்கை ஒன்றுமில்லை.
ஆஸ்பத்திரி லாண்டரியில் ஆறு மணிக்குக் கையெழுத்து.
அந்நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் இல்லை.
அவர் ஓட்டோ இப்போது லீசிங்காரன் முற்றத்தில்.

மத்தியானம் ஏற்றம்.
இறங்கித் தள்ளுகிறவளுக்குத்தான்
ரோட்டில் எல்லாம் தெரியும்:
எந்த வீட்டில் கருவாடு,
எந்த வீட்டில் சண்டை,
சந்திரசிறி முதலாளியின் கடன் கொப்பியில்
இந்த மாதம் யார் பெயர் நீளம்.
"மேலதானே போறீங்க?" என்பாள் பஸ்லியா.
கேட்கும்போதே
ஐந்து கிலோ மா கேரியரில் ஏறிவிடும்.
ஒருமுறை காஸ் சிலிண்டர்.
ஒருமுறை காய்ச்சலோடு அவளுடைய சின்னவன்,
என் முதுகில் நெற்றியை அழுத்திக்கொண்டு.

காலையில் இறக்கம்.
மிதிக்க ஒன்றுமில்லை,
பிரேக் பிடிப்பதுதான் ஓட்டுவது.
முதல் வளைவில் புஷ்பவதி வீட்டுத் தண்ணீர் டாங்கி,
அந்த இடத்தில் சைக்கிள் கத்தும்,
வாலை மிதித்த பூனை மாதிரி.
எனக்கே வெட்கமாக இருக்கும்.
ரொஷானிடம் கொடுத்து
நானூற்றைம்பது ரூபாய்க்கு ரப்பர் மாற்றினேன்.
"இனிச் சத்தமே வராது அக்கா."

வரவில்லை.
மறுநாள் திருடியைப் போல இறங்கினேன்.

அன்று மத்தியானம் ரோட்டே மறித்தது.
பஸ்லியாவின் பெரியவன் ஸ்கூல் வேனைத் தவறவிட்டானாம்.
மரியதாஸுக்கு முதல் ஹயர் போனதாம்.
வேலையை விட்டுவிட்டேனா,
வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்று
முதலாளி பாண் சுற்றிக்கொண்டே விசாரித்தார்.

புஷ்பவதி கடைசியாக வந்தாள்,
ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.
"அலாரம் வச்சா அவரும் எழும்பிருவாரு.
ஒன் சைக்கிள் கத்துனா நான் மட்டுந்தான் எழும்புவேன்.
தேத்தண்ணி ஊத்திக்கிட்டு
வாசப்படியில கொஞ்ச நேரம்
சும்மா ஒக்காந்திருப்பேன்.
அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு
கைப்பிடியில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

பழைய ரப்பரைக் கேட்டால்
கானில் வீசிவிட்டேன் என்கிறான் ரொஷான்.
பெல் அடிக்கலாம்தான்,
அது அவரையும் எழுப்பும்.
மழை நாளில் புது ரப்பரும் கத்துகிறது,
கண்டியில் மழைக்கும் பஞ்சமில்லை.
ஆனால் இந்த மாசி மாதத்தை என்ன செய்வது?

இப்போதெல்லாம்
பையில் சாப்பாட்டுப் பெட்டியோடு
ஒரு போத்தல் தண்ணீர் கூடுதலாக.
ரோட்டின் தலையில், தெருவிளக்கின் அடியில் நின்று
முன் ரிம்மிலும் பின் ரிம்மிலும் ஊற்றுகிறேன்.
பால்காரன் ஒருநாள் பார்த்துவிட்டு
"பூஜையா?" என்றான்.
பதில் சொல்ல நேரமில்லை.

டாங்கி வருகிறது.
தேவைக்கு மேலேயே பிடிக்கிறேன்.
கத்துகிறது.

அடுப்படியில் விளக்கு எரிந்ததா,
திரும்பிப் பார்க்க முடியாது.
அதற்குள் இரண்டாவது வளைவு.