நவம்பர் முப்பத்தொன்று

தட்டச்சு செய்தது நான்தான்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
யாரும் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்கவில்லை என்றாலும்.

ஹெட்லி கில்லம் படகேறிப் போனது
நவம்பர் இருபத்தொன்று.
நான் அடித்தது முப்பத்தொன்று.
மேசைக்குப் பக்கத்தில் வெப்பக்குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.
வாளியைத் தள்ளி வைக்க எழுந்தேன், உட்கார்ந்தேன்.
அவ்வளவுதான் நடந்தது.
இறந்துவிட்டதாய்க் கொள்ள வேண்டி மனு,
ஏழு வருஷமாய் ஆளும் இல்லை, உடலும் இல்லை.
இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று
ட்ருசில்லா கை தூக்கினாள்.
நான் முத்திரை குத்தினேன்.

ஆறு வாரம் கழித்துக் கட்டு திரும்பி வந்தது.
ஓரத்தில் நீதிபதியின் பென்சில் வட்டம்:
இப்படி ஒரு நாள் கிடையாது.

சத்தியத்துக்குப் பிறகு
ஒரு காற்புள்ளியைக்கூட நானாகத் தொடக் கூடாது.
வெள்ளை மை பூசக் கூடாது, சுரண்டக் கூடாது.
ஒற்றைக் கோடு,
அடியில் கிடப்பது படிக்கத் தெரிகிற மாதிரி.
மேலே சரியான சொல்.
பக்கத்தில் அவள் முதலெழுத்துகள், அதற்குப் பக்கத்தில் என்னுடையவை.
அப்புறம் மறுபடியும் கை தூக்க வேண்டும்.
தபாலில் ஆகாது, தொலைபேசியில் ஆகாது.

கார்னர் புரூக்குக்கு, இரண்டெழுத்துப் போட,
பனிக்கலப்பை வண்டியின் பின்னாலேயே
நான்கு மணி நேரம் ஊர்ந்து வந்தாள்.
மன்னிப்பு ஒன்று தயாராய் வைத்திருந்தேன்.
அவள் தேதியைப் பார்த்தாள்.
'முப்பத்தொன்றா,' என்றாள்,
'அந்த மாசம் அவ்வளவு நீளம்தான் இருந்தது.'

தேதியை மட்டும் திருத்தினால் போதும் என்றேன்.
'சத்தியம் மொத்தத்துக்கும்தானே?' என்று கேட்டுவிட்டு
முதல் பத்தியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்,
கையுறை போட்ட விரலை வரிக்கு வரி நகர்த்தி.
படகின் நீளம். எஞ்சினின் வயது.
கடைசியாய்ப் பார்த்தவர் பெயர்.
ஒன்பதாம் பத்தியில் விரல் நின்றது.

'அவருக்கு நீந்தத் தெரியும்.'

'தெரியாது' என்றுதான் சொல்லியிருந்தாள். என் குறிப்பேட்டில் இருக்கிறது.
'எங்கள் குடாவில் எவனுக்குத் தெரியும்?
அந்தக் குளிரில் நீந்தத் தெரிந்தால்
சாக நேரமாகும் என்பார்கள். யாரும் கற்கவில்லை.'

வக்கீல் படித்தார். நான் படித்தேன். நீதிபதி படித்தார்.
இல்லாத நாள் உடனே மாட்டிக்கொண்டது.
இருக்கக்கூடிய பொய்யோ
நல்ல சட்டை போட்டுக்கொண்டு
மூன்று மேசைகளைத் தாண்டி நடந்து போயிருக்கிறது.

பேனாவைக் கொடுத்தேன்.
தேதியை ஒரே இழுப்பில் அடித்தாள், ட்ரு. கி. போட்டாள்.
ஒன்பதாம் பத்திக்கு வந்து
பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள்.
'ஆறு வாரம் தெரிந்திருக்கிறது அவருக்கு,' என்றாள்.
வெளியே லாரி ஒன்று உப்புத் தூவிக்கொண்டு போயிற்று.
நான் வாளியைப் பார்த்தேன்.
இந்த இடத்தில் எழுத்தர் என்ன சொல்ல வேண்டும் என்று
விதிகளில் இல்லை.

பிறகு கோடு போட்டாள்.
விதி கேட்பதைவிடவும் மெல்லிதாக,
கிட்டத்தட்ட காகிதத்தின் மடிப்பு மாதிரி.
மேலே 'தெரியாது.'
அவள் எழுத்து, என் எழுத்து.
கையுறையைக் கழற்றிக் கை தூக்கினாள்.
கேட்டேன். 'ஆம்' என்றாள்.

போகும்போது அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் கேட்டாள்.
திருத்தாத நகலா, அது இனிமேல் கிடைக்காதே என்றேன்.
'இதுவே போதும்,
அடியில் இருப்பது தெரிகிறதே.'

பக்கத்துக்கு ஐம்பது சென்ட்.
நான் வாங்கவில்லை.
கணக்கேட்டில் வாங்கியதாய் எழுதி
என் பையிலிருந்து போட்டேன்.
அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது.