மழை நுழையாத ஆறு மீட்டர்

பொங்கோலில், விரைவுச்சாலை மேம்பாலத்தின் அடியில்
ஆறு மீட்டர் அகலத்துக்கு
மழை பெய்வதே இல்லை.

குவெக் நம்பவில்லை.
"இந்த ஊர்ல வறட்சித் தோட்டமா?
காப்பி வாங்கப் போனாலே குடை வேணும் லா" என்றார்
நனைந்த சட்டையைப் பிழிந்தபடி.

முப்பது மைலோ டப்பாக்கள் வைத்தேன்
தூண் முதல் தூண் வரை, மூன்று வரிசை.
டிசம்பர் முழுவதும்.
ஓரத்து டப்பாக்கள் நிரம்பி வழிந்தன.
கொசுப்புழு நெளிந்ததைப் பார்த்த அதிகாரி
எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்.
நடுவரிசையில்
ஒரு மைனா இறகு,
டயர் தேய்ந்த கருந்தூசி,
பரிசு விழாத ஒரு நாலு நம்பர் சீட்டு.
கடிதத்தையும் இறகையும் ஒரே கோப்பில் வைத்து நீட்டினேன்.
கையெழுத்துப் போட்டார்.

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது,
தேர்வுக்கு மனப்பாடம் செய்த வரி.
ஜன்னலுக்கு வெளியே அன்றும் மழைதான்.
இப்போது அதற்கு ஒரு முகவரி உண்டு:
விளக்குக் கம்பம் நாற்பத்தேழுக்கு எதிரே.

நடுவில் மருள், ஓரம் மஞ்சள் பாய்ந்த வகை,
மாலை நாலரைக்குத் தூண்களுக்கு இடையே
சாய்ந்து வரும் வெயில்
முக்கால் மணி நேரம் அதன்மேல் நிற்கும்.
அதற்காகவே வளைத்து நட்டேன்.
பின்னால் முக்கோணக் கள்ளி.
வெளிச்சம் விழும் விளிம்பில் காகிதப்பூ;
தண்ணீர் குறையக் குறையச் சிவக்கிற பிடிவாதக்காரி.
மீதிக்குச் சாம்பல் நிறச் சரளை.
காலியாகக் கிடக்கிறதே என்றார்கள்.
ஒவ்வொரு காலியையும்
நாடா வைத்து அளந்தவள் நான்.

மூன்றாம் வாரம் மருள் மஞ்சளாகி
அடியோடு சாய்ந்தது. ஒன்றல்ல, பதினேழு.
தோண்டினால் வேர் கூழாக வந்தது.
மொக்லேஸ்தான்.
விடியும் முன்னே வந்து
தன் குடிதண்ணீர்ப் புட்டியில் பாதியை
ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான், தினமும்.
"அக்கா, தண்ணி இல்லாம பாவம்"
வேலையிடத்தில் கற்ற தமிழ்.
வேரை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
முகர்ந்து பார்த்தான்.
ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.
என்னிடமா செடியிடமா கோபம், தெரியவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
ஐந்தரை மணிக்கு வானம் கிழிந்தது.
பாலத்தின் இரு பக்கமும் தண்ணீர்த் திரை.
திரையைக் கிழித்துக்கொண்டு
மோட்டார் சைக்கிள்கள்
எட்டு, பத்து, இருபது,
ஜொகூர் திரும்புகிறவர்கள்,
முதுகில் சோற்றுப்பை, மழைக்கோட்டில் ஆறு ஓடுகிறது.
இந்தத் தோட்டத்துக்கு
அதுவரை ஒருவரும் வந்ததில்லை.
மழைதான் கூட்டி வந்தது.

சரளை எங்கும் சக்கரத் தடம்.
ஒருவர் கையுறையைக் கழற்றி
புதிதாய் நட்ட மருளின்மேல் பிழியப் போனார்.
நான் வாய் திறப்பதற்குள்
மொக்லேஸ் குறுக்கே நின்றான்:
"அண்ணே, இங்க ஊத்தாதே. செத்துடும்."
அவர் செடியைப் பார்த்தார். மேலே பார்த்தார்.
இரண்டடி தள்ளிப் போய்
சாக்கடையில் பிழிந்தார்.

வரைபடத்தை மாற்றினேன்.
கள்ளி ஒரு மீட்டர் பின்னால் போனது.
முன்னே ஒரு நீளத் துண்டு, அழுத்திப் பதித்த கல்.
"இது எதுக்கு?" என்றார் குவெக்.
"மழைக்கு" என்றேன்.
வறட்சித் தோட்டத்தில் மழைக்கு இடமா என்று
கேட்க வந்தவர், கேட்கவில்லை.

ஒரே ஒரு டப்பாவை மட்டும்
நடுவில் விட்டு வைத்திருக்கிறேன்,
அதிகாரிக்காக அடியில் ஆணித்துளை போட்டு.
இன்னும் ஒரு சொட்டு விழவில்லை.
நேற்று எட்டிப் பார்த்தேன்:
ஐம்பது சென், மலேசியக் காசு.
ஈரமாக இருந்தது.