பதினோரு விநாடி

நாலு மணி பதினேழு நிமிடத்துக்கு
ஏலம் முடிகிறது.
ஒரு தரம், இரண்டு தரம் என்று
கூவ இங்கே ஆளில்லை.
எண்கள் சிவக்கும், அவ்வளவுதான்.

ஃப்ரீஸ்லாந்தில் ஒரு கால்வாய்மேல்
பாலம் திறக்கிறவள் நான்.
கண்ணாடிக் கூண்டு, ஒரு கெட்டில்,
படகுகளின் பெயர் படிக்க ஒரு பைனாகுலர்,
ஹீட்டர்மேல் காயும் கையுறை.
கைபேசி பதிவேட்டுக்கு அடியில் இருக்கும்.
மேலதிகாரி வந்தால்
பதிவேடுதான் மேலே தெரிய வேண்டும்.

இன்று வந்திருப்பது ஸோலிங்கன் ரேசர்.
அடிக்குமிழைத் திருகினால்
தலை நடுவில் பிளந்து
இரண்டு கதவும் எழுந்து நிற்கும்.
பிளேடை வைத்து மறுபக்கம் திருகினால்
சத்தமே இல்லாமல் படியும்.
இதைப்போல் இருபத்தேழு
முட்டை அட்டையில் அடுக்கி வைத்திருக்கிறேன்.
உனக்கு மீசையா தாடியா, சிட்ஸ்கே,
என்று கேட்கிறான் மணல்படகு யோரித்.
கதவுகளுக்காக வாங்குகிறேன் என்றேன்.
நாளெல்லாம் கதவு திறப்பது போதாதா என்றான்.
போதவில்லை.

விற்கிறவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை.
'பழங்காலச் சீஸ் சீவி' என்று எழுதி
சமையல் சாமானில் போட்டிருக்கிறார்.
படத்தில், நிக்கல் பூச்சின் வளைவில்
அவருடைய அடுக்களை தெரிகிறது:
கோணலான ஜன்னல், கோணலான வாழைப்பழம்,
உள்ளாடையோடு அவர்.
இதை நான் மட்டும்தான் கண்டுபிடித்தேன் என்று
நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் ம*9.

முகமூடி போட்ட பெயர்.
இதற்குமுன் நான்கு முறை
கடைசி ஆறாவது விநாடியில் வந்து
அரை யூரோவில் என்னைத் தட்டிவிட்டுப் போனவன்.
போனவளாகவும் இருக்கலாம்,
நானே ஒருத்தி இருக்கிறேனே.

இப்போது விலை முப்பத்தொன்று.
நாற்பத்தாறரை அடித்துத் தயாராக வைத்திருக்கிறேன்.
முன்னதாக அனுப்பினால் மோப்பம் பிடித்துவிடும்.
இந்த முறை ஐந்தாவது விநாடி,
அதற்கு மேல் மூச்சுவிடக்கூட இடம் தரக்கூடாது.

நாலு பதினைந்துக்கு ஊதினான் யோரித்.
தொள்ளாயிரம் டன் மணலுக்கு
பிரேக் கிடையாது.
சிவப்பு விளக்கு, மணி, தடுப்புக் கட்டை.
பிறகு இரண்டு பொத்தானையும்
இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தியே நிற்க வேண்டும்.
ஒரு கை எடுத்தால் பாலம் பாதியில் நிற்கும்.
இதை வடிவமைத்தவர்
வாழ்நாளில் ஓர் ஏலமும் எடுத்ததில்லை.

பாலம் நடுவில் பிளந்தது.
இரண்டு பக்கமும் எழுந்தன.
ரொட்டி வேன், சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள்,
ஒரு சாம்பல் நிற வால்வோ.
வால்வோக்காரன் இறங்கித் தடுப்பில் சாய்ந்தான்.
கைபேசிக்கு மேல் அவன் கட்டைவிரல்
கொசு உட்காரக் காத்திருப்பதுபோல் நின்றது.

அழுத்தினான்.
ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது.
பிறகு முஷ்டியைக் காற்றில் குத்தி
கைபேசிக்கு ஒரு முத்தம்.

அதே நேரம்
பதிவேட்டுக்கு அடியில் ஏதோ அதிர்ந்தது.

பாலம் முழுதாக நிமிர்ந்த பிறகுதான்
கை எடுக்க முடிந்தது.
விற்றது: முப்பத்தொன்றரை. ம*9.

கால்பந்தாகவும் இருக்கலாம்.
செவ்வாய்க்கிழமை நாலேகாலுக்கு
எந்த நாட்டிலாவது யாராவது
கோல் போட்டுக்கொண்டுதானே இருப்பார்கள்.
பைனாகுலரை எடுத்தேன்.
மழமழவென்ற முகம்.
தாடைக்குக் கீழே
கிழித்து ஒட்டிய துண்டு டிஷ்யூ,
நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

யோரித் கையசைத்தபடி கடந்துபோனான்.
படகின் வால் தாண்டியது,
அது கிளப்பிய அலையும் கரையில் அடங்கியது.
பிள்ளைகள் பெடலில் கால் வைத்துக்
கூண்டை அண்ணாந்து பார்த்தார்கள்.

நான் பொத்தானைத் தொடவில்லை.
அவனுக்கு ஆறு, எனக்கு ஐந்து,
கூட்டி எண்ணி முடித்த பிறகுதான்
இறக்கினேன்.

தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.
எதிர்க்கரைக் கம்பத்தில் கொடி
ஈரத் துண்டுபோல்
தொங்கிக்கொண்டிருந்தது.