அரைச் சுற்று

தீபாவளிக்கு ஒன்பது நாள்.
எஸ்டேட் பாலத்துக்கு மேலே ஆறு போகிறது.
கேஸ் லோரி அந்தப் பக்கம்.
முந்நூறு பொட்டலம் முறுக்குக்கு
முன்பணம் வாங்கிய நான்
இந்தப் பக்கம்.

சுங்கை சிப்புட்டில் அன்றைக்குத் திறந்திருந்தது
கியோங்கின் பழைய இரும்புக் கடை மட்டும்.
முட்டிக்கால் தண்ணீரில் நின்று பொறுக்கினேன்:
செத்த ஏர்கானின் செப்புக் குழாய், ஒன்றரை மீட்டர்.
ஊசி வால்வு ஒன்று, திருகு இறுகியது.
எதற்கு என்றான். அடுப்புக்கு என்றேன்.
எட்டு வெள்ளி சொன்னவன்
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஆறாக்கினான்.
எரியாது என்று நினைத்திருப்பான்.

பதினோரு வருடம்
ஈப்போ தொழிற்சாலையில்
உருப்பெருக்கிக்கு அடியில் ஈயம் வைத்தவள் நான்.
எறும்பின் கால்களை எறும்புக்கே
திரும்ப ஒட்டச் சொன்னாலும் ஒட்டுவேன்.
ஆலை வேறு நாட்டுக்குப் போனபோது
கைகளை மட்டும்
என்னிடம் விட்டுப் போனார்கள்.

குழாய்க்குள் மணல் நிரப்பி
நசுங்காமல் மூன்று சுருள் வளைத்தேன்.
முனையில் ஒரு துளை.
மகனின் கிட்டாரில் அறுந்த முதல் தந்தி
நுழையும் அளவு, அதற்கு மேல் இல்லை.
சுற்றிலும் மைலோ டின்.
மண்ணெண்ணெய்ப் போத்தல் உத்திரத்தில் தொங்கியது
ஆஸ்பத்திரியில் ஏற்றும் உப்புத் தண்ணீர் மாதிரி.

கதிரேசன் எட்டிப் பார்த்து,
"வெடிச்சா கூப்பிடு" என்று சொல்லிவிட்டு
ஓடாத செம்பனை லோரியைத்
துடைக்கப் போனார்.

முதல் தடவை
எண்ணெய் எண்ணெயாகவே வந்தது.
மஞ்சளாய், சோம்பலாய், தலைவிரித்து எரிந்தது.
அடுத்த வீட்டு ரோகாயா
மழை விட்ட ஒரு மணி நேரத்தை நம்பிக்
கொடியில் போட்ட வெள்ளைத் தெலெகோங் முழுக்கக் கரி.
என் மாவில் விழ வேண்டிய எள்
அவள் தொழுகைத் துணியில் விழுந்திருந்தது.

"தாக் அப்பா" என்றாள்.
பரவாயில்லை என்று அர்த்தம்.
அவள் சொன்ன விதத்தில்
அந்த அர்த்தம் இல்லை.

நீலம் போட்டு இரண்டு முறை அலசியபோதுதான்
கைக்குப் புரிந்தது.
தீ இருந்தால்தான் எண்ணெய் ஆவியாகும்.
ஆவி வந்தால்தான் தீ தீயாகும்.
முதலில் யார் கடன் கொடுப்பது?
சுருளுக்கு அடியில்
ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு கொடுத்தது,
ஐந்து நிமிடத்துக்கு.
பிறகு வால்வைத் திறந்தேன்
நகம் அளவு.

உஷ்ஷ்ஷ்.

நீலம்.
புகை இல்லை. பேச்சு இல்லை.
தன் கழுத்தைத் தானே சுட்டு
தனக்கே மூச்சு கொடுத்துக்கொண்டு
நின்றது தீ.
அரைச் சுற்று திறந்தால் வாணலி சீறும்.
அரைச் சுற்று மூடினால்
முறுக்கு பொறுமையாய்ச் சிவக்கும்.
எங்கள் வீட்டில்
சொன்ன அளவில் நிற்கும் பொருள்
இது ஒன்றுதான்.

தெலெகோங்கை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வாங்கி முகர்ந்தாள்.
மண்ணெண்ணெய் வாசம் கொஞ்சம் இருந்தது,
இருவரும் அதைச் சொல்லவில்லை.
சற்று நேரத்தில்
அரிசி கழுவிய பானையோடு வாசலில் நின்றாள்.
அவள் கேஸும் அந்தப் பக்கம்தானே.
கொதிக்கும் வாணலியை இறக்கி வைத்தேன்.
இறக்கியதில் ஒரு ஈடு எண்ணெய் குடித்து வீணானது,
இன்னும் வருத்தம்தான்.
சோறு பொங்கும் நேரம் பார்த்து
வால்வைக் குறைக்கக் கை நீட்டினாள்.
எவ்வளவு என்று கேட்கவில்லை.
சரியாக
அரைச் சுற்று.

நள்ளிரவில் துளை அடைத்தது.
தீ இருமி, மஞ்சளாகி, அணைந்தது.
கதிரேசன் டார்ச் பிடித்தார்,
வெடிப்பைப் பற்றி ஒன்றும் பேசாமல்.
தந்தியை உள்ளே விட்டு மெல்ல ஆட்டினேன்.
பஞ்சு. ஸ்பிரிட். ஐந்து நிமிடம்.
வெளியே தண்ணீர்
இன்னும் பாலத்தை விடவில்லை.

உஷ்ஷ்ஷ்.

நூற்று நாற்பத்து ஒன்று.