கணக்கில் வராத பெஞ்சு

ஜனவரி. கதவு திறக்கும் முன்பே
கம்பிவேலி நெடுக வரிசை.
இரவே வந்து படுத்தவர்கள் பாயைச் சுருட்டுகிறார்கள்.
தகரக் கூரை இன்னும் சூடேறவில்லை.
சேர்க்கைப் பேரேட்டில் கோடு போடுகிறேன்,
நாற்பது கோடு.
நாற்பத்தொன்றுக்குத் தாளில் இடமில்லை.

மெரிபாங்க்கில் இந்த வருஷம்
ஆறு வயதானவர்கள் எத்தனை பேர் என்று
டர்பனில் யாரும் எண்ணவில்லை.
நான் வரிசையை எண்ணினேன்.
நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்திக்கொண்டேன்;
வால் சந்து திரும்பியிருந்தது.

பிறப்புச் சீட்டு உள்ளவர்கள் அந்தப் பக்கம்.
இல்லாதவர்கள் என் முன்னால்.
"பெரிய தண்ணி வந்த வருஷம் பிறந்தது, டீச்சர்."
எந்தத் தண்ணி?
"வலது கையைத் தலைக்கு மேலே கொண்டு போ.
இடது காதைத் தொடு."
தொட்டால் ஆறு. எட்டாவிட்டால் அடுத்த வருஷம்.
லோகாம்பாளுக்கு எட்டவில்லை.
கழுத்தைச் சாய்த்து
காதை விரலிடம் கொண்டுவந்து சேர்த்தாள்.
நான் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டே
ஆறு என்று எழுதினேன்.

குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
"மாணிக்கம்" என்றார் ஒருவர்.
அது உங்கள் பெயராயிற்றே?
"இருக்கிறது அது ஒண்ணுதான்மா."
எழுதினேன்.
இனி அவர் பேரனுக்குப் பேரனும் மாணிக்கம்.
மை ஒற்றுகிற நேரத்தில்
ஒரு வம்சத்துக்குப் பெயர் வைத்துவிட்டு
அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஒன்பதரைக்கு நாற்பதும் நிறைந்தது.
வெளியே போய்ச் சொல்ல வேண்டும்.
எப்போதும் ஞானமுத்து சார்தான் சொல்வார்,
அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.
(வருஷா வருஷம் அன்றைக்குக் கட்டும்.)
இடமில்லை.
தமிழில் சொன்னேன், தெலுங்கில் சொன்னேன்,
தெரிந்த இந்தியில் சொன்னேன்.
எந்தப் பாஷையிலும் அது நீளமாக இல்லை.

அப்போதுதான் கூட்டம் விலகியது.
சாலையிலிருந்து ஒரு பெஞ்சு நடந்து வந்தது.
அடியில் பூபாலன் படையாச்சி, தச்சு வேலை,
போன ஜனவரியில் நாங்கள் திருப்பி அனுப்பியவர்.
பின்னால் அவர் மகன்,
சிலேட்டைப் பிடிக்கிற மாதிரி
நெஞ்சோடு ஒரு சுத்தியலை அணைத்துக்கொண்டு.

"உட்கார இடமில்லைன்னீங்களே டீச்சர்."
இறக்கி வைத்தார்.
துறைமுகத்துப் பெட்டிப் பலகை.
'இந்தப் பக்கம் மேலே' என்ற ஆங்கில எழுத்து
அம்புக்குறியோடு பக்கவாட்டில் படுத்திருந்தது.

நாலு பேர் உட்காரலாம்.
அவர் மகன் ஒருத்தன்.
மூன்று இடம். அந்த மூன்றையும்
மொத்த வரிசையும் பார்த்தது.

"காலையில நாலு, மத்தியானம் நாலு"
என்று அவரே கணக்குச் சொன்னார்.
பிளாட்டூன் வகுப்பு என்பது
இலாகா வைத்த பெயர், பட்டாளத்துச் சொல்.
முன்பல் விழுந்த பட்டாளம் ஒன்று
பன்னிரண்டு மணிக்கு எழுந்து போகும்.
அதன் சூடு ஆறுமுன்
இன்னொன்று வந்து உட்காரும்.

ஆக, ஏழு பேர்.
யார் அந்த ஏழு, எப்படி எடுத்தேன்
என்பதை எங்கும் எழுதி வைக்கவில்லை.
மற்றவர்கள் போனார்கள்.
ஒரு அம்மா பாயை மறந்துவிட்டுப் போனாள்.
சனிக்கிழமை வரை அது வேலியில் கிடந்தது.

மார்ச்சில் இன்ஸ்பெக்டர் டேப்போடு வந்தார்.
அறையை அளந்தார், பெஞ்சுகளை எண்ணினார்,
மறுபடி எண்ணினார்.
சொத்துப் பதிவேட்டில் இல்லாத ஒன்று.
அறையிலிருந்து அகற்றவும், என்று எழுதினார்.
அகற்றினோம்.
வராந்தா அறை இல்லையே.
பெஞ்சோடு நாலு பிள்ளைகளும் வெளியே போனார்கள்.
ஜன்னல் வழியாக என் குரல் அவர்களுக்குக் கேட்கும்,
தெருவில் போகிற கீரை வண்டியும் கேட்கும்.
மழை வந்தால் பெஞ்சு உள்ளே வரும்.
இன்ஸ்பெக்டர் மழையில் வரமாட்டார்.

பதிவேட்டில் பிறகு ஒரு வரி சேர்த்தேன்:
மரப் பெஞ்சு, ஒன்று. பள்ளிக்குச் சொந்தமில்லை.
நிலை என்ற கட்டத்தில்
நன்று, பழுது, உடைந்தது, இவற்றில் ஒன்று எழுத வேண்டும்.
நிறைந்திருக்கிறது, என்று எழுதினேன்.

ஆகஸ்டுக் குளிரில் ஒரு நாள்
லோகாம்பாள் என் மேசைக்கு வந்தாள்.
யாரும் கேட்காமலே கையைத் தலைக்கு மேல் கொண்டு போனாள்.
கழுத்து நேராகவே நின்றது.
விரல் காதைத் தொட்டது.
"இப்ப சரியா டீச்சர்?" என்றாள்.