மூடுபனியில் ஆறு பேர்

கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடல்:
என் வழக்கமான முதல் வாக்கியம் இது.
இன்றைக்குக் கண்ணுக்கெட்டிய தூரம்
ஜீப்பின் மூக்கு நுனி.

கூரையில்லாத வண்டி. தலைக்கு முப்பத்தைந்து யூரோ.
எஞ்சின் கிளம்பிய பிறகு பணம் திரும்பாது
என்று கதவில் ஒட்டியிருக்க வேண்டும்.
கதவும் இல்லை. கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

என் பக்கத்தில் போலந்துக்காரர் ஸெனோன்,
முப்பது வருடம் நிலம் அளந்தவர்.
தொடைமேல் விரித்த வரைபடம்
ஓரத்திலிருந்து கூழாகிக்கொண்டிருக்கிறது.
பின்னால் பில்பாவோ சகோதரிகள், ஒரே போர்வைக்குள்.
லீட்ஸிலிருந்து ஒரு தகப்பன், ஒன்பது வயது டெக்லன்.
ஆறாவது ஆள் ஏறியதிலிருந்து தூங்குகிறார்.

"இடதுபுறம் கலங்கரை விளக்கம்."
ஐந்து தலைகள் திரும்பின.
வெள்ளை.
அதையும் படமெடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வளைவு.
"கீழே பாறையில் பெர்செபெ பறிக்கிறார்கள்,
இடுப்பில் கயிறு,
அலை பின்வாங்கிய மூச்சுக்குள்
சுரண்டிக்கொண்டு ஏற வேண்டும்" என்றேன்.
இந்தப் பனியில் ஒருவனும் இறங்கமாட்டான்.
பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா,
"அதோ, சிவப்புத் தொப்பிக்காரன் கைவீசுகிறான்" என்றும் சேர்த்தேன்.
சகோதரிகள் போர்வையை விலக்கி
இருவரும் பதிலுக்குக் கைவீசினார்கள்.

சிவப்புத் தொப்பிக்காரன் மூன்று வருடமாக
ரோட்டர்டாமில் கிரேன் ஓட்டுகிறான்.
அதை நான் எந்த வளைவிலும் சொல்வதில்லை.

மூன்றாவது வளைவில் கப்பல் உடைந்த கதை.
தினமும் இங்கே ஓர் எண்ணிக்கை சொல்வேன்,
உச்சுக் கொட்ட நேரம் கொடுப்பேன்.
இன்று வாய்க்கு வரவில்லை.
"எல்லோரும் கரையேறிவிட்டார்கள்" என்றேன்.
பனிக்குள் போய் யார் எண்ணப்போகிறார்கள்.

"ஒலாயா, இதெல்லாம் உங்களுக்குத் தெரிகிறதா,
இல்லை, தெரியுமா?" என்றான் டெக்லன்.
தகப்பன் அவனை முறைத்தான்.
நான் கியரை மாற்றினேன்.

அப்போது முனையில் சங்கு ஊதியது.
அடிவயிற்றிலிருந்து வருகிற ஓசை.
எங்கள் ஊரில் அதற்குப் பசு என்று பெயர்.
பனி இறங்கினால் பசு கத்தும், படகுகள் விலகும்
என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே
மறுபடி கத்தியது,
மிக அருகில்,
ஈரப் புல் வாசனையோடு.

பிரேக்.

சாலையின் குறுக்கே பழுப்பாக, முழுசாக நின்றது.
இமையில் நீர்த்துளிகள். காதில் மஞ்சள் வில்லை.
அசைபோடுவதை நிறுத்தவில்லை.
ஸெனோன் முன்னால் சாய்ந்து
அரசாங்கக் குரலில் வாசித்தார்:
"நான்கு, பூஜ்யம், ஏழு, ஒன்று."
அன்றைய பயணத்தில்
சரிபார்க்கப்பட்ட முதல் தகவல்.

ஆறாவது ஆள் கண்விழித்து
"வந்துவிட்டோமா?" என்றார்.

ரப்பர் பூட்ஸும் ஒரு கையில் கைபேசியுமாக
டோசிண்டா பனியிலிருந்து வந்தாள்.
"இன்றைக்குப் போய் இவர்களுக்கு எதைக் காட்டுகிறாய்?"
"உன் மாட்டைத்தான்."
"அதற்கு எனக்கு எவ்வளவு?" என்று சிரித்தாள்,
பின்தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.
டெக்லன் இறங்கி அதன் விலாவில் உள்ளங்கையை வைத்தான்.
எடுக்கவே இல்லை.
"சூடு" என்றான், எனக்கு அல்ல, தகப்பனுக்கு.

முனையில் எஞ்சினை அணைத்தேன்.
சொல்ல வேண்டியது நாலு பத்தி இருக்கிறது.
சொல்லவில்லை.
கீழே எங்கோ கடல்
கல்லை இழுப்பதும் விடுவதுமாக இருந்தது.
யாரும் படமெடுக்கவில்லை, எடுக்க என்ன இருக்கிறது.

இறங்கும்போது மூத்த சகோதரி
என் தோளைத் தொட்டாள்:
"அந்தச் சிவப்புத் தொப்பிக்காரனிடம்
நாங்கள் கேட்டதாகச் சொல்லுங்கள்."
சரி என்றேன்.

மாலையில் இருக்கைகளைத் துடைக்கும்போது
விட்டுப்போன வரைபடம் கிடைத்தது.
அரைவாசி கூழ். மீதியில் பென்சில் குறிகள்.
நாலாவது வளைவுக்கு முன்னால், அளந்து வைத்ததுபோல்
ஒரு புள்ளி: பசு, 4071.
இரண்டாவது வளைவில், பாறை இருக்கும் இடத்தில்
இன்னொரு புள்ளி.
சிவப்புத் தொப்பி.
பக்கத்தில் கேள்விக்குறி,
சிறியது,
அழுத்தாமல் போட்டது.